பயந்துபோன வில்லன்: பீட்டர் லோரேயின் 'எம்' ப்ளூரே

நேராகச் சொல்லிவிடுகிறேன், வாங்க வேண்டிய டிஸ்க் இது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1931இல் வந்த 'எம்' என்ற ஜெர்மன் படத்தை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2010இல் ப்ளூரேயாக வெளியிட்டது. உலக சினிமா பேசுகிறவர்கள் இதை லாங்கின் படமாகத்தான் பேசுவார்கள், அதில் தவறில்லை. நான் இங்கே இதை பீட்டர் லோரேயின் படமாகப் பார்த்து எழுதுகிறேன். ஹாலிவுட்டில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வில்லனாகவும், வில்லனின் கையாளாகவும், கொலைகாரனாகவும், மனம் பிறழ்ந்த டாக்டராகவும் வந்துபோன ஒரு குணச்சித்திர நடிகர் எங்கே தொடங்கினார், அவரிடம் என்ன சரக்கு இருந்தது, அதில் எவ்வளவை ஹாலிவுட் எடுத்துக்கொண்டது, எவ்வளவை வீணடித்தது என்று எல்லாவற்றையும் இந்த ஒரு டிஸ்கை வைத்தே பேசிவிடலாம்.

பெயர் சட்டென்று பிடிபடாதவர்களுக்கு: 'காசாபிளாங்கா'வில் ஹம்ப்ரி போகார்ட்டிடம் இரண்டு அனுமதிக் கடிதங்களைக் கொடுத்து ஒளித்துவைக்கச் சொல்வானே, கொஞ்ச நேரத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமே, அந்த உகார்ட்டே. குள்ளமான உருவம், உருண்டை முகம், முட்டிக்கொண்டு நிற்கும் பெரிய கண்கள், மூக்கிலிருந்து வருவதுபோல மெதுவாக இழையும் குரல். அந்தக் கண்ணும் குரலும் எவ்வளவு பிரபலம் என்றால், 1940களில் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களிலேயே அவரைப்போல ஒரு விஞ்ஞானியை வரைந்து, பக்ஸ் பன்னியைத் துரத்தவிட்டார்கள். இன்றைக்கும் கார்ட்டூனில் ஒரு வில்லன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு குழைந்து குழைந்து பேசினால் அது லோரேதான்.

அவருடைய நிஜப்பெயர் லாஸ்லோ லோவன்ஸ்டைன். 1904 ஜூன் 26 அன்று, அப்போதைய ஆஸ்திரிய–ஹங்கேரி சாம்ராஜ்யத்தில், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஒரு ஊரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் வங்கி குமாஸ்தா வேலை பார்த்து, அதை விட்டு நாடகத்துக்குப் போய், பல ஊர் மேடைகளில் சில்லறை வேடங்கள் செய்து, கடைசியில் பெர்லின் வந்து நாடகாசிரியர் பிரெக்டின் வட்டத்தில் சேர்ந்தார். மேடையில் பார்த்த லாங் அவரைத் தன் முதல் பேசும் படத்துக்குப் பிடித்துப்போட்டார். அந்தப் படம்தான் 'எம்'.

கதை தெரிந்திருந்தாலும் படம் கெட்டுப்போகாது, அதனால் சொல்கிறேன். பெர்லினில் குழந்தைகளைக் கொல்கிற ஒருவன் நடமாடுகிறான். ஊரே கிலி பிடித்துக் கிடக்கிறது, ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள், போலீஸ் இரவு பகலாக சோதனை போடுகிறது. சோதனையால் தொழில் படுத்துவிட்டதே என்று திருடர்களும் கொள்ளைக்காரர்களும் சேர்ந்து, பிச்சைக்காரர்களைத் தெருத்தெருவாக நிறுத்தி, தாங்களே அவனைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். பலூன் விற்கும் பார்வையற்ற கிழவர் ஒருவர் அவன் சீட்டியடிக்கும் மெட்டை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார். ஒரு பையன் உள்ளங்கையில் சாக்பீஸால் 'எம்' (கொலைகாரன் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து) என்று எழுதி அவன் தோளில் தட்டிவிடுகிறான். அப்புறம் வேட்டைதான்.

இதில் லோரே திரையில் இருக்கும் நேரம் குறைவு. முதலில் வருவது அவருடைய நிழல்தான். பத்தாயிரம் மார்க் பரிசு என்று அறிவிக்கும் போஸ்டரில் ஒரு தொப்பி போட்ட நிழல் விழுகிறது, எல்ஸி என்ற சிறுமியிடம் அன்பாக விசாரிக்கும் குரல் கேட்கிறது, அவ்வளவுதான். அப்புறம் அம்மா சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்துக் காத்திருக்கிறாள், படிக்கட்டு காலியாக இருக்கிறது, ஒரு பந்து புல்லில் உருண்டு நிற்கிறது, ஒரு பலூன் கம்பியில் சிக்குகிறது. கொலையைக் காட்டவே இல்லை. முகத்தை நமக்கு முதலில் தெளிவாகக் காட்டும் இடம் இன்னும் கொஞ்சம் தள்ளி வருகிறது: கையெழுத்து நிபுணர் கொலைகாரனின் கடிதத்தைப் படித்து அவன் மனநிலையை விவரித்துக்கொண்டிருக்க, லோரே கண்ணாடி முன் நின்று, இரண்டு விரலால் தன் வாயோரங்களைக் கீழே இழுத்துப் பார்க்கிறார். ஊர் பயப்படுகிற அந்த அரக்கன் தன் முகத்தில் எங்கே இருக்கிறான் என்று தேடுகிற மாதிரி. சில நொடிகள்தான் இருக்கும், வசனமும் கிடையாது, ஆனால் ஒரு வில்லனை அறிமுகப்படுத்தும் காட்சிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை.

கடைத்தெருவில் ஒரு காட்சி வருகிறது. கத்திகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடி ஜன்னல் முன் நின்று, ஏதோ தின்றுகொண்டு, சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கத்திகளுக்கு நடுவே இருக்கும் கண்ணாடியில் ஒரு சிறுமி பிரதிபலிக்கிறாள். லோரேயின் முகத்தை அந்த நேரத்தில் கவனியுங்கள். கண் விரிகிறது, வாய் தொங்குகிறது, உடம்பு லேசாக ஆடுகிறது, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிறார். இரை கிடைத்த சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. திரும்பவும் அது வந்துவிட்டதே என்று நடுங்குகிற ஒரு நோயாளிதான் இருக்கிறான். அந்தக் காலத்துப் படங்களில், ஏன், இன்றைக்கு வரைக்கும் எத்தனையோ படங்களில், வில்லன் என்றால் தன் கெட்டத்தனத்தை ரசிக்கிறவனாகத்தான் இருப்பான். லோரே தொடங்கியதே எதிர்ப்பக்கத்தில்: தனக்குள் இருக்கும் ஒன்றைப் பார்த்து, பார்க்கிற நம்மைவிட அதிகமாகப் பயப்படுகிற வில்லன். நான் இந்த நடிகரைப் பற்றிச் சொல்ல நினைப்பது முழுக்க இதுதான், மற்ற படங்களையெல்லாம் இதை வைத்தே அளக்கிறேன்.

கடைசிக் கட்டம் கைவிடப்பட்ட ஒரு சாராய ஆலையில் நடக்கிறது. ஊரிலிருக்கும் குற்றவாளிகள் எல்லாம் படிகளில் உட்கார்ந்து நீதிமன்றம் நடத்துகிறார்கள், தலைவனாக குஸ்டாஃப் க்ரூண்ட்கென்ஸ், தோல் கோட்டும் கையுறையுமாக, கல்லுமாதிரி. நடுவில் தள்ளப்பட்ட லோரே முதலில் மறுக்கிறார், அப்புறம் அந்தப் பலூனைப் பார்த்ததும் பின்வாங்குகிறார், அப்புறம் உடைந்து பேசுகிறார். நீங்களெல்லாம் திருடுவதும் பூட்டை உடைப்பதும் விரும்பிச் செய்வது, வேறு வேலை கற்றுக்கொண்டால் விட்டுவிடலாம், என்னால் முடியுமா, இந்தத் தீ, இந்தக் குரல், இந்த வேதனை எனக்குள் இருக்கிறதே என்கிற பேச்சு. விரல்கள் காற்றைப் பிடித்துப் பிசைகின்றன, குரல் கிறீச்சென்று ஏறி, ஒரு கட்டத்தில் அழுகையா கத்தலா என்று பிரிக்க முடியாமல் ஆகிறது. பார்க்கிற கூட்டத்தில் சிலர் தங்களை அறியாமல் தலையாட்டுகிறார்கள். ஒரு குழந்தைக் கொலைகாரனுக்காக நாம் இரக்கப்பட வேண்டும் என்று படம் எங்கும் கேட்கவில்லை, இறந்த குழந்தைகளின் தாய்மாரையும் அது மறக்கவில்லை, ஆனாலும் அந்தச் சில நிமிடங்களுக்கு அவனை வெறும் மிருகம் என்று ஒதுக்கிவிடவும் விடுவதில்லை. லோரேக்கு அப்போது வயது 26.

சரி, டிஸ்கைப் பற்றி. படம் ஏறக்குறைய சதுரமாக வரும், 1.19:1 என்ற ஆரம்பகாலப் பேசும் பட விகிதம், அதனால் டிவியில் இரண்டு பக்கமும் அகலமான கறுப்புப் பட்டை இருக்கும். டிவி ரிமோட்டில் போய் இழுத்து நிரப்பாதீர்கள், லாங்கின் ஒவ்வொரு ஃபிரேமும் அளந்து வைத்தது, இழுத்தால் லோரேயின் முகம்தான் முதலில் நாசமாகும். மீட்டெடுத்த பிரதி என்றாலும் கீறலும் ஒளி மினுக்கலும் அங்கங்கே உண்டு. எனக்கு அது உறுத்தவில்லை. கரிய நிழல்களுக்குள் இருக்கும் விவரங்கள், ஈரமான தெரு, கோட்டின் நெய்வு, வியர்வை எல்லாம் தெரிகிறது, முன்னே கிடைத்த மங்கிய பிரதிகளோடு ஒப்பிடவே முடியாது. லோரேயின் நடிப்பு பாதி கண்ணிலும் வாயோரத்திலும் இருப்பதால் இந்தத் தெளிவு அலங்காரத்துக்கு இல்லை, தேவைக்கு.

ஒலியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். படத்தில் பின்னணி இசை கிடையாது. சில காட்சிகளில் தெருச் சத்தம்கூட இல்லாமல் முழு மௌனம். ஸ்பீக்கர் போய்விட்டதோ, டிஸ்க் பழுதோ என்று வயரைப் பிடுங்க வேண்டாம், படமே அப்படித்தான் எடுக்கப்பட்டது. பேசும் படம் வந்த புதிதில் எல்லோரும் சத்தத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்க, லாங் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைத்தார். அதனால்தான் அந்தச் சீட்டி ஒலி அப்படிக் குத்துகிறது. நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் 'பியர் கின்ட்' இசையிலிருந்து எடுத்த மெட்டு அது. லோரேக்கு ஒழுங்காகச் சீட்டியடிக்க வராததால் படத்தில் கேட்பது லாங் தானே அடித்தது. ஒரு நடிகரின் மிகப் பிரபலமான அடையாளமே இன்னொருவரின் மூச்சில் வந்திருக்கிறது.

இப்போது இந்த டிஸ்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்ட விஷயம். கூடுதல் பகுதியில் 'எம்' படத்தின் ஆங்கில வடிவம் முழுதாக இருக்கிறது, பல காலம் தொலைந்துபோனதாக நினைத்திருந்தது, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பாதுகாத்த பிரதியிலிருந்து கிடைத்தது. அந்தக் காலத்தில் சப்டைட்டில் பழக்கம் பரவலாகாததால் ஒரே படத்தை வேறு மொழிகளுக்கு இப்படி மாற்றிச் செய்வது வழக்கம். பெரும்பாலும் டப்பிங்தான், சில காட்சிகள் வேறு நடிகர்களை வைத்துப் புதிதாக எடுக்கப்பட்டிருக்கின்றன, ஜெர்மன் படத்தைவிட நீளமும் குறைவு. படமாக அது பலவீனம்தான், வெட்டு விழுந்த இடங்களில் லாங்கின் தாளம் போய்விடுகிறது, டப்பிங் குரல்கள் ஒட்டவில்லை. ஆனால் அந்தக் கடைசி நீதிமன்றக் காட்சியில் லோரே தானே ஆங்கிலத்தில் மறுபடி நடித்திருக்கிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஜெர்மனில் வார்த்தைகள் அவரிடமிருந்து பீறிட்டு வருகின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் ஒரு கணம் பிடித்து, எங்கே வைப்பது என்று தேடி வைக்கிறார். மொழி கைவராத அந்தத் தயக்கம் ஒரு புதுவிதமான அச்சத்தைக் கொடுக்கிறது, குரல் தாழ்கிறது, மென்மையாகிறது, அந்த மென்மைக்குள்ளே விபரீதம் ஏறுகிறது. பிற்காலத்தில் ஹாலிவுட் காசு கொடுத்து வாங்கிய லோரே, கார்ட்டூன்காரர்கள் பிடித்துக்கொண்ட லோரே, இங்கேதான் தொடங்குகிறார் என்று எனக்குப் படுகிறது. இந்தக் காட்சிக்காகவே டிஸ்கை வாங்கலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

படம் வந்து இரண்டு வருடத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். லோரே 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார், வியன்னா, பாரிஸ் என்று அலைந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். 1940இல் நாஜிகள் யூதர்களுக்கு எதிராக எடுத்த ஒரு கேவலமான பிரச்சாரப் படத்தில், 'எம்' படத்தின் அந்த ஒப்புதல் காட்சியை வெட்டி எடுத்து ஒட்டினார்கள். கதாபாத்திரம் பேசிய பேச்சை, ஒரு யூத நடிகர் நடித்த நடிப்பை, ஒரு இனத்தின் சுபாவத்துக்குச் சான்று என்று ஊருக்குக் காட்டினார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்க்கும்போது இந்த விவரம் மனதில் இருந்தால் நெஞ்சு கனத்துவிடும்.

லண்டனில் ஹிட்ச்காக் 1934இல் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தில் அவரைக் கும்பல் தலைவனாக வைத்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார், அது தெரியாமல் பார்த்தால் அந்த நிதானத்தை ஏதோ பெரிய திட்டமிட்ட பாணி என்றுதான் நினைப்போம். தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்று, நெற்றியில் தழும்பு, சிரித்த முகம். அந்த வருடமே அமெரிக்கா. அங்கே முதல் படம் 1935இல் வந்த எம்ஜிஎம்மின் 'மேட் லவ்'. மொட்டைத் தலையோடு டாக்டர் கோகோல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஒரு நடிகையின் மேல் பைத்தியம். அவளுடைய கணவனான பியானோ கலைஞனின் கைகள் ரயில் விபத்தில் நசுங்கிவிட, கில்லட்டினில் முடிந்த ஒரு கத்திவீச்சுக் கொலைகாரனின் கைகளை எடுத்து ஒட்டுகிறார். கதை அபத்தம்தான், லோரே அபத்தமில்லை. ஏழைக் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கும் அதே கனிவான முகம் எப்போது எதிர்ப்பக்கம் புரண்டது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாதபடி செய்திருப்பார். அதே வருடம் தாஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' கதையின் கொலைகார நாயகன் ரஸ்கோல்னிகோவாகவும் நடித்தார், அந்தப் படம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

அடுத்த கட்டம் மிஸ்டர் மோட்டோ. ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் ஜப்பானியத் துப்பறிவாளராக. ஆஸ்திரிய–ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் பிறந்த ஒருவர் ஜப்பானியர் வேடம் போடுவது இன்றைக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஃபாக்ஸ் பின்னாளில் நாலு நாலு படமாக இரண்டு டிவிடி பெட்டிகளில் இவற்றை வெளியிட்டது. லோரேயின் எல்லாப் படத்தையும் பார்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு மட்டும். நடிப்பில் துடிப்பு இருக்கிறது, ஆனால் எட்டுப் படத்தில் செலவான மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

1940இல் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்டு ஃப்ளோர்' என்ற சின்னப் படம். கழுத்தில் வெள்ளைத் துண்டோடு மாடிப்படியில் நழுவும் ஒரு ஆள், மொத்தமே சில நிமிடம்தான் வருவார். முதல் ஃபிலிம் நுவார், அதாவது நிழலும் குற்றமும் நிறைந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பாணியின் முதல் படம், என்று பலர் சொல்கிற படம் இது. மறுபடி அதே லோரே: கொலைகாரன், விரட்டப்படுகிறவன், தன்னைத் திரும்ப அடைத்துவிடுவார்களோ என்று நடுங்குகிறவன்.

அப்புறம் வந்ததுதான் பொற்காலம். 1941இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய முதல் படம் 'தி மால்டீஸ் ஃபால்கன்'. ஜோயல் கெய்ரோவாக லோரே உள்ளே வரும்போது விசிட்டிங் கார்டிலேயே பூவாசம். அழகான கோட்டு, வெள்ளைக் கையுறை, கைத்தடியின் பிடியை உதட்டருகே கொண்டுபோகும் பழக்கம். துப்பாக்கியை நீட்டி மிரட்டுகிறார், போகார்ட் அதைப் பிடுங்கி அவரைச் சாய்த்துவிடுகிறார், எழுந்ததும் மறுபடி அதே மரியாதையோடு துப்பாக்கியைத் திருப்பிக் கேட்டு வாங்கி, மறுபடி நீட்டுகிறார். கடைசியில் எல்லோரும் தேடி அலைந்த பறவைச் சிலை போலி என்று தெரியும்போது சிட்னி க்ரீன்ஸ்ட்ரீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, நாற்காலியில் விழுந்து குழந்தை மாதிரி அழுகிறாரே, அந்த அழுகையில் 1931ஆம் வருடத்து லோரே ஒரு கணம் எட்டிப் பார்க்கிறார். வேடிக்கையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

க்ரீன்ஸ்ட்ரீட்டுக்கு 61 வயதில் அதுதான் முதல் படம். அந்தப் பெருத்த உருவமும் இந்தக் குள்ளமான உருவமும் ஜோடியாக மக்களுக்குப் பிடித்துப்போய், ஒன்பது படங்களில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். 'காசாபிளாங்கா'வும் அதில் ஒன்று, ஆனால் அதில் இருவரும் சேர்ந்து ஒரு காட்சிகூட நடிக்கவில்லை. லோரே ஆரம்பத்திலேயே போய்விடுகிறார். ரிக்காக வரும் போகார்ட்டின் மேஜையில் உட்கார்ந்து, நீ என்னை வெறுக்கிறாய் இல்லையா என்று கிட்டத்தட்ட ஆசையோடு கேட்கிறார், கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்ததும் அதே ரிக்கின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒளித்துவை என்று கெஞ்சுகிறார். வில்லத்தனமாகப் பார்த்தால் உகார்ட்டே படத்திலேயே மோசமான குற்றம் செய்தவன். அந்தக் கடிதங்களைச் சுமந்துபோன இரண்டு பேரை அவற்றுக்காகக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் நமக்கு நினைவில் நிற்பது அந்தப் பயந்த முகம்தான். இந்த ஜோடியை இன்னும் விரிவாகப் பார்க்க 1944இல் வந்த 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' நல்ல தேர்வு. அதில் லோரே வில்லன் இல்லை, குற்றவாளி ஒருவனின் கதையைத் தேடிப் போகும் எழுத்தாளர், கிட்டத்தட்ட கதாநாயகன்.

சிரிப்பும் அவருக்கு நன்றாக வரும். 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' படத்தில் கொலைகாரனின் முகத்தை அறுவை சிகிச்சையால் மாற்றும் குடிகார டாக்டர் ஐன்ஸ்டைன், அந்தக் கொலைகாரன் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் தானே நடுங்கிக்கொண்டிருப்பார். அதே பயம், இந்தத் தடவை நகைச்சுவைக்கு.

1946க்குப் பிறகு சறுக்கல். வலிக்காகக் கொடுத்த மார்ஃபின் முன்பே பழக்கமாகி வருடக்கணக்கில் அவரை வாட்டியிருந்தது, 1949இல் திவாலும் ஆனார். அந்த நிலையில் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய், தானே எழுதி, இயக்கி, நடித்து ஒரு படம் எடுத்தார்: 1951இல் வந்த 'டெர் ஃபெர்லோரெனெ'. அவர் இயக்கியது அது ஒன்றுதான். நாஜி காலத்தில் தன் காதலியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற ஒரு விஞ்ஞானி, அவருடைய ஆராய்ச்சி தேவை என்பதால் அரசு அதை மூடி மறைத்துவிடுகிறது, போருக்குப் பின் அகதி முகாமில் டாக்டராக வேறு பெயரில் வாழ்கிறார். இருபது வருடத்துக்கு முன் பெர்லினில் ஒரு கொலைகாரன் கத்திச் சொன்னதை இந்தக் கொலைகாரன் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு, சோர்ந்த குரலில், ஏறக்குறைய முணுமுணுப்பாகச் சொல்கிறான். அப்போது அவனை மட்டும் துரத்தினார்கள், இப்போது கொலை செய்தவனைத் தட்டிக்கொடுத்த ஒரு அரசே இருந்திருக்கிறது. போர் முடிந்து சில வருடமே ஆன ஜெர்மனியில் யாருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. படம் ஓடவில்லை, லோரே அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார், மறுபடி இயக்கவில்லை. 'எம்' பார்த்து முடித்தவர்கள் அடுத்து தேட வேண்டியது இதைத்தான், 'காசாபிளாங்கா'வை அல்ல.

மிச்ச வருடங்களை வேகமாகவே கடக்கலாம். 1954இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கசினோ ராயல்' நேரடி நாடகமாக ஒளிபரப்பானபோது லெ ஷிஃப்ராக நடித்தார். ஜேம்ஸ் பாண்டுக்குத் திரையில் அமைந்த முதல் வில்லன் இவர்தான், சீன் கானரியின் முதல் பாண்ட் படத்துக்கு எட்டு வருடம் முன்பே. அதே வருடம் டிஸ்னியின் '20,000 லீக்ஸ் அண்டர் தி சீ'யில் நல்லவராக வந்தார். 1960களில் ரோஜர் கோர்மனின் திகில் படங்களில் வின்சென்ட் பிரைஸ், போரிஸ் கார்லாஃப் ஆகியோரோடு. 1963இல் வந்த 'தி ரேவன்' படத்தில் காக்கையாகச் சபிக்கப்பட்ட மந்திரவாதி, மகனாக இளம் ஜாக் நிக்கல்சன். எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டு இஷ்டத்துக்குப் பேசி மற்றவர்களைத் திணறடித்தாராம், பார்க்கும்போதே தெரிகிறது. உடம்பு கனத்து, களைத்துப்போன முகம், ஆனால் கண்ணில் குறும்பு அப்படியே இருக்கிறது. 1964 மார்ச் 23 அன்று பக்கவாதத்தால் இறந்தார், 59 வயது. இறுதிச் சடங்கில் அஞ்சலி உரையை வாசித்தவர் வின்சென்ட் பிரைஸ். ஆஸ்கருக்கு ஒருமுறைகூட அவரைப் பரிந்துரைத்ததில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது.

டிஸ்கின் மற்ற சரக்குகளைச் சொல்லிவிடுகிறேன். ஆன்டன் கேஸ், எரிக் ரென்ட்ஷ்லர் என்ற இரண்டு ஜெர்மன் சினிமா அறிஞர்களின் விளக்கவுரை படம் முழுக்க ஓடும், அன்றைய பெர்லினைப் பற்றித் தெரிந்துகொள்ள அருமை. இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் வயதான லாங்கை எடுத்த பேட்டி இருக்கிறது, லாங் கதை சொல்வதில் மன்னன், ஆனால் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. கிளாட் ஷப்ரோல் 'எம்'மை வைத்து எடுத்த குறும்படம் எனக்கு வேண்டாத சேர்க்கை. படம் எப்படியெல்லாம் வெட்டப்பட்டு, தொலைந்து, மீட்கப்பட்டது என்ற பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒரே ஒரு பெரிய குறை, இத்தனை கூடுதல்களில் லோரேக்கென்று தனியாக ஒரு பகுதி இல்லை. லாங்குக்கு மணிக்கணக்கில் இடம், படத்தைத் தோளில் தூக்கிய நடிகருக்கு அங்கங்கே சில வரிகள். ஆங்கில வடிவம் அந்தக் குறையை ஓரளவுக்கு ஈடுகட்டுகிறது, அவ்வளவே.

வாங்குவதற்கு முன் இதைக் கவனியுங்கள். ப்ளூரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று ரீஜனாகப் பிரித்திருக்கிறார்கள், இது ரீஜன் ஏ டிஸ்க். இந்தியாவும் இலங்கையும் ப்ளூரே கணக்கில் ரீஜன் சி, அதனால் இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது, எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை, அங்கே ரீஜன் ஏதான். லண்டன், பாரிஸ், ஜெர்மனி பக்கம் இருப்பவர்கள் ரீஜன் பி, பிரிட்டனின் யுரேகா நிறுவனம் தனியாக ஒரு ப்ளூரே வெளியிட்டிருக்கிறது, அதைப் பாருங்கள். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும். அட்டை விலை 39.95 டாலர், தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கை கடிக்கும். ஜூலையிலும் நவம்பரிலும் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையில் கிரைட்டீரியன் டிஸ்குகளைப் பாதி விலைக்குப் போடும் வழக்கம் உண்டு, அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் அந்தச் சமயத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கைக்கு வந்ததும் ஜெர்மன் வடிவத்தை முதலில் முழுதாகப் பாருங்கள், ராத்திரியில், விளக்கவுரை இல்லாமல். ஆங்கில வடிவத்தை அன்றைக்கே போட வேண்டாம், ஒருநாள் விட்டுப் பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு.